விருந்தாளியோடு நண்டு சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

நாலு பேர் ஒருவேளை சாப்பிட்டதற்கு 290 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஏசி ரெஸ்டாரண்டில் இல்லை. மின்விசிறிக்குக் கீழே, சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டிய, பல சின்னக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற உணவங்காடி நிலையத்தில் (ஹாக்கர் சென்டர்). சிங்கப்பூருக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. நேற்று வந்து இறங்கியவர் ஏமாந்தால் பாவம் என்று விட்டுவிடலாம், என்னை என்ன சொல்வது? ஏப்ரல், மே வந்தால் நம் வீடுகளில் பாதிக்கு மேல் ஊரிலிருந்து ஆள் வந்துவிடும். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

வந்தது நாகப்பட்டினத்துச் சித்தப்பாவும் சித்தியும், அவர்கள் மகளும். வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ராத்திரி ஷிப்ட். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்குகிற, கடல் உணவுக்குப் பேர்போன இடம். சித்தி பட்டுப்புடவை, தலையில் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், வாங்கின மல்லிகைப்பூ. சித்தப்பா கழுத்தில் கேமரா. எங்களைப் பார்த்தாலே போதும், யார் விருந்தாளி, யார் காசு கொடுக்கப்போகிற ஆள் என்று தெரிந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் லேமினேட் செய்த மெனு அட்டையோடு ஒருவர் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தார். “வணக்கம் அண்ணே, வாங்க வாங்க” என்று சித்தப்பாவைப் பார்த்துத் தமிழில் ஒரு கும்பிடு. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு அதுவே உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு மேசையைக் காட்டி, இது எங்கள் கடை மேசை, இங்கேதான் உட்கார வேண்டும் என்றார். உணவங்காடி நிலையத்தில் மேசை எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கலாம். வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்து இப்படி வலிந்து அழைப்பதற்கும் அனுமதி கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்தேன். சித்தி காலையிலிருந்து நடந்து களைத்திருந்தாள், மேசையும் காலியாக இருந்தது.

சொன்னது இவ்வளவுதான்: சம்பல் (மிளகாய் விழுது) தடவின திருக்கை ஒன்று, சில்லி நண்டு ஒன்று, இறால் ஒரு தட்டு, கங்கோங் கீரை, ஃப்ரைட் ரைஸ். நண்டு எடைக்குத்தான் விலை என்பது தெரியும். 100 கிராம் 9.80 என்று அட்டையில் இருந்தது. ஒரு நண்டு முக்கால் கிலோ வந்தாலும் எழுபது, எழுபத்தைந்து என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இறாலுக்கு நேராக 8.80 என்று பெரிய எழுத்தில் இருந்தது. சின்னத் தட்டுப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணுக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ‘100 கிராமுக்கு’ என்று இருந்ததை அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் சேர்த்தாலும் நூற்று முப்பதுக்கு மேல் போகாது என்ற நம்பிக்கையில் இருந்தேன்.

“ஒரு நண்டு நாலு பேருக்குப் பத்தாது, சிஸ்டர், சின்னதுதான் இருக்கு” என்றார் அவர் ஆங்கிலத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பாவைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். சித்தப்பா தலையாட்டினார். ஊரிலிருந்து வந்த மனிதர் தலையாட்டிய பிறகு, “இல்லை, ஒன்று போதும்” என்று எந்த வாயால் சொல்வது?

சாப்பாடு வந்தது. ருசி நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். திருக்கைமீன் வாழையிலையில் வெந்து, மேலே சம்பல் சட்டிக்கரி வாசத்தோடு இருந்தது. தங்கச்சி இலையைக்கூட விடவில்லை. தட்டை வைத்த கையோடு ஒரு சின்னத் தாளை நீட்டினார்கள். பேனாவால் 290 என்று மட்டும் எழுதியிருந்தது. எது எவ்வளவு, எத்தனை கிராம், ஒன்றும் இல்லை. என் முகம் மாறியிருக்க வேண்டும். சித்தி என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணத்தை அனுப்பினேன்.

பிறகு போய்க் கேட்டதற்கு அவர்கள் வாயால் சொன்ன கணக்கு: நண்டு 1.6 கிலோ, 156.80. இறால் 900 கிராம், 79.20. திருக்கை பெரிய சைஸ் 30, கீரை பெரிய சைஸ் 12, சாதம் பெரிய சைஸ் 12. கூட்டினால் காசு பிசகாமல் 290. நான் எதற்கும் சைஸ் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பெரியதுதான் வரும், அது இந்த மாதிரிக் கடைகளில் எழுதாத சட்டம்.

டாக்சியில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காபி போட்டுக் கொடுத்ததும் சித்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஏண்டி, இறாலு எத்தன நின்னுச்சு?”

“எண்ணலையே சித்தி.”

“நான் எண்ணுனேன். பத்து. அந்த சைசு கிலோவுக்கு இருபது நிக்கும். அப்ப எவ்வளவு ஆச்சு?”

அரைக் கிலோ. 900 கிராம் இல்லை.

நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் எடுத்துப் பழகின பொம்பளை அவள். இறாலைக் கவுண்டில் பேசுவார்கள், கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்பதுதான் பேச்சே. நண்டைப் பற்றியும் சொன்னாள். ஓடு இரண்டும் அவள் உள்ளங்கை அகலம்தான், ஒன்று அரைக்கிலோ தாண்டாது. பெரிய கொடுக்கு நாலு இருக்க வேண்டிய தட்டில் மூன்றுதான் இருந்தது. “கயிறோட நிறுத்தானா, கயித்த அவுத்துட்டு நிறுத்தானா, யாரு பார்த்தா?” என்றாள். உயிர்நண்டைக் கொடுக்கோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஈரக்கயிறும் எடைதானே!

“அங்கயே சொல்லியிருக்கலாமே சித்தி!”

“நீ பெருமையாக் கூட்டிட்டுப் போற. ஒன் மொகத்துக்கு முன்னாடி நான் போயி வெல பேசவா?”

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் முன்னால் விலை கேட்க எனக்குக் கூச்சம். என் முன்னால் கணக்குக் கேட்க அவளுக்குக் கூச்சம். ஊரில் ஒரு கூறு மத்திக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறவள், இங்கே பல ஆயிரம் ரூபாய்க்குச் சமமான சாப்பாட்டை வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். அந்த மெனு அட்டைக்காரர் தராசில் ஏமாற்றினாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. சாட்சி எல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது. சித்தியின் கண்ணளவு மட்டும்தான் பாக்கி. ஆனால் எங்கள் இரண்டு பேருடைய கூச்சத்தையும் அவர் சரியாக எடைபோட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இது புதுக்கதையும் இல்லை. 2009-இல் நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளிடம் ஒரு சாப்பாட்டுக்கு 491 வெள்ளி வாங்கினார்கள். அதில் எட்டு டைகர் இறாலுக்கு மட்டும் 239 வெள்ளி. அது பெரிய செய்தியாகி, அந்தக் கடையை, உணவங்காடி நிலையங்களைக் கவனிக்கிற தேசியச் சுற்றுப்புற வாரியம் மூன்று மாதம் மூடவைத்தது. 2021-இல் மலேசியாவில் லங்காவியில் ஒரு மிதக்கும் உணவகத்து பில் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு சியாக்காப் மீன், நம் ஊர்க் கொடுவா வகை, எடை 7.48 கிலோ, விலை 1,196.80 ரிங்கிட். 100 கிராம் 16 ரிங்கிட் என்று பெருக்கிப் பாருங்கள், கணக்கு அச்சு அசலாக வரும். அங்கே கணக்கில் தப்பில்லை. ‘16’ என்று பார்க்கும்போது நம் மூளைக்கு அது ஏதோ ஒரு தட்டின் விலை மாதிரித் தெரிகிறது. கிலோ 160 என்று எழுதினால் எவ்வளவு பேர் யோசிக்காமல் ஆர்டர் செய்வார்கள்? அதனால்தான் எழுதுவதில்லை.

எல்லாக் கடைக்காரர்களையும் சேர்த்துத் திட்டுவதாக நினைக்காதீர்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததே இந்த ஊர் உணவங்காடிக் கலாசாரம், அதற்கு முழுத் தகுதியும் உண்டு. எங்கள் வீட்டுக்குக் கீழே சிக்கன் ரைஸ் விற்கிற அங்கிள் ஐம்பது காசு கூடுதலாக வாங்கிவிட்டார் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தவர். தொல்லை பெரும்பாலும் இரண்டு விஷயத்தில்தான்: எடைக்கு விற்கிற கடல் உணவு, எண்ணிக்கைக்கு விற்கிற சத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி). சத்தேயில் பத்துக் குச்சி கேட்டால் இருபது வந்து நிற்கும், கை வைத்தால் நம்முடையது. அதுவும் வெளியூர்க்காரர்கள் வந்து போகிற இடங்களில்தான். குடியிருப்புப் பேட்டையில் அதே ஆளை நாளைக்கும் பார்த்தாக வேண்டும், அங்கே இந்த வேலை செல்லாது.

சரி, என்ன செய்யலாம்? விருந்தாளிகளை மேசையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் கடைக்கு நடந்து போங்கள். இது ஒன்றைச் செய்திருந்தாலே எனக்குப் பாதிப்பணம் மிஞ்சியிருக்கும். அவர்கள் காதுக்கு எட்டாத இடத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நண்டை உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். வியாபாரத் தராசில் சரிபார்ப்பு முத்திரை ஒட்டியிருக்க வேண்டும், அதையும் பாருங்கள். இத்தனை கிராம், இத்தனை வெள்ளி என்று சமைப்பதற்கு முன்பே தாளில் எழுதி வாங்குங்கள். சட்டியில் விழுந்த பிறகு நண்டு உங்களுடையது. ‘சீசன் விலை’ என்று போட்டிருந்தால் இன்றைக்கு என்ன விலை என்று கேளுங்கள். பதில் சொல்ல இழுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள், பத்தடியில் இன்னொன்று இருக்கும். மற்றதற்கெல்லாம் ‘ஸ்மால்’ என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால், கடைப் பலகையில் இருக்கிற கடை எண்ணையும் மெனு அட்டையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு எழுதலாம், பயனீட்டாளர் (நுகர்வோர்) சங்கத்திடம் போகலாம். சிறு கோரல்கள் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான வழக்குக்குத் தனிமனிதருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எடை எழுதின ரசீது இல்லாமல் அங்கே போய் என்ன காட்டுவது? என்னிடம் இருந்தது 290 என்று எழுதின துண்டுத்தாள். அதிலும் சில்லி நண்டுக் குழம்பு.

திங்கட்கிழமை வேலை முடிந்து தனியாக அந்தக் கடைக்குப் போனேன். மேலே சொன்ன கணக்கு அப்போது வாங்கினதுதான். எடைச் சீட்டு எங்கே என்றேன். “சாப்பிட்டாச்சு இல்ல, சிஸ்டர்?” என்றார்கள். மெனு அட்டைக்காரர் என்னை அடையாளம் தெரியாத மாதிரி நின்றார். கல்லாவில் இருந்தவர் சண்டை போடவில்லை, கரும்புச்சாறு ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன், குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடிக்கவில்லை. வாரியத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்திருக்கிறது. பணம் திரும்பி வரும் என்ற நினைப்பெல்லாம் இல்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சித்தி தேக்கா சந்தைக்குப் போக வேண்டும் என்றாள். ஈரச்சந்தையில் ஒரு கடை முன்னால் நின்று, கட்டிவைத்திருந்த நண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நாலை ஒதுக்கிவிட்டு இரண்டை எடுத்து நீட்டினாள். கடைக்காரத் தம்பிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

“கயித்த அவுத்துட்டு நிறுங்க தம்பி.”

“அவுத்தா கையைக் கடிச்சிரும்மா!”

“அப்ப கயித்துக்கு அம்பது கிராம் கழிங்க” என்றாள் சித்தி, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.