காரைக்குடி எந்தத் தண்டவாளத்தை நம்பித் திட்டம் போடலாம்?

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் வந்துவிட்டன. இனி சாலை எங்கே, மனை எங்கே, தொழிற்கூடம் எங்கே என்று முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வரையும்போது எந்த ரயில் பாதையை மனத்தில் வைத்து வரைவது? மூன்று பாதைகள் இருக்கின்றன. மேலூர், திருப்பத்தூர் வழியாக மதுரைக்குக் கேட்கும் புதுப் பாதை ஒன்று. தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் பேசப்படும் பாதை இன்னொன்று. மூன்றாவது, ஏற்கெனவே போட்டுக் கிடக்கும் திருவாரூர் பாதை.

ஆள் போக்குவரத்தைப் பார்த்தால் மதுரைப் பாதைக்குத்தான் முதலிடம். பெரிய ஆஸ்பத்திரி, ஹைகோர்ட் கிளை, விமான நிலையம் என்று எதற்கும் நாம் மதுரைக்குத்தான் ஓடுகிறோம். இன்று ரயிலில் போனால் மானாமதுரையைச் சுற்ற வேண்டும். அதனால் எல்லாரும் பஸ்தான். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வருகிறவர்களுக்கும் இந்தப் பாதை உதவும்.

தூத்துக்குடிப் பாதை துறைமுகத்தைக் காட்டி ஆசை தருகிறது. ஊர்ப் பேரில் ஸ்டேஷன் இருந்தும் ரயில் பிடிக்க ஊருக்கு வெளியே இருக்கும் தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனுக்குப் போகும் தேவகோட்டைக்காரர்களின் குறையும் தீரும். ஆனால் 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை அது. ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் லாரியில் அடங்கிவிடும் சரக்கு. அவற்றை வைத்து வேகன் நிரப்ப முடியாது.

புதுப் பாதைகள் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, திட்டத்தில் பொதுத் தேவைக்கு ஒதுக்கிய நிலத்தை 3 ஆண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும். ரயில் வரும் வரும் என்று கோடு போட்டு வைத்தால், அதுவரை நிலத்துக்காரர் வீடும் கட்ட முடியாமல் விற்கவும் முடியாமல் தவிப்பார். அப்புறம் தண்ணீர். நம் சீமையில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை; ஊருணியும் கண்மாயும் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை நம்பித்தான் இருக்கின்றன. தரை தென்கிழக்காகச் சரிகிறது. மேற்கேயிருந்து வரும் மதுரைப் பாதையின் கரை அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே விழும். போதிய பாலங்கள் வைக்காமல் மண்ணை மேடாக்கினால் கீழேயுள்ள கண்மாய்கள் காயும். இதை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

திருவாரூர் பாதைக்கு நிலமே கேட்க வேண்டாம். மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் சென்னை போனது. 2019-இல் அகலப் பாதை முழுதும் திறந்தபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. ரயிலிலேயே வந்த ஆட்கள் இறங்கிக் கேட்டை மூடித் திறந்தார்கள். சுமார் 150 கிலோமீட்டர் போக அரை நாள் ஆனது. வண்டிகளும் வேகமும் கூடினாலே பட்டுக்கோட்டையும் திருத்துறைப்பூண்டியும் நமக்குப் பக்கத்து ஊர்கள்.

என் தேர்வு இந்தப் பாதைதான். கண்டனூர் புதுவயல் ஸ்டேஷன் இதன் மேலேயே இருக்கிறது. கோட்டையூர் ஸ்டேஷன் திருச்சிப் பாதையில் இருக்கிறது. இந்த இரண்டையும் காரைக்குடி ஜங்ஷனோடு டவுன்பஸ்ஸால் இணைத்து, சுற்றியுள்ள மனைகளுக்கு இப்போதே சாலையும் வடிகாலும் வரையலாம். மதுரைப் பாதைக்கு, ரயில்வே தடத்தை உறுதி செய்த பிறகு, வரத்துக்கால்களையும் குறித்துக்கொண்டு நிலம் ஒதுக்கலாம். தூத்துக்குடிப் பாதை மூன்று மாவட்டங்களைத் தொடும் சங்கதி. அதை மண்டலத் திட்டத்தில் வைத்துப் பேசட்டும்.