விண்டோஸ் 11-க்கு மாறி ஒரு வருடம்: பழைய எக்செல் மேக்ரோவோடு நான் பட்ட பாடு

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன கான்ட்ராக்டர் அலுவலகம் எங்களுடையது. நாற்பது பேருக்குச் சம்பளம் போடுவது என் பொறுப்பு என்று பெயர், உண்மையில் போடுவது ஓர் எக்செல் ஃபைல். எனக்கு முன்னால் இருந்த கணக்கர் 2011-இல் எழுதி, 2018-இல் ஊருக்குப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போன மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் தானாக வேலை செய்யும் சின்ன நிரல். பட்டனைத் தட்டினால் பஞ்ச் கார்டு மெஷினின் பதிவைப் படிக்கும், ஓவர்டைம் கூட்டும், ஆளுக்கொரு சம்பளச் சீட்டு அச்சடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததே கிடையாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நிற்கும் என்றதும் முதலாளி முந்திக்கொண்டார். அந்த ஜனவரியிலேயே, சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தின வாரம், வேலை நடந்தது. மூன்று கணினிகளில் இரண்டு பழசு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றுக்குப் பதில் புதிது வாங்கினோம். சாமான் வைக்கும் ஸ்டோரில் இருந்த கணினி மட்டும் தாங்கும் என்பதால் அதே பெட்டியில் மேலேற்றிக்கொண்டோம்.

விடுமுறை முடிந்து வந்து சம்பள ஃபைலைப் புதுக் கணினியில் திறந்தேன். மேலே சிவப்புப் பட்டை: மேக்ரோ தடுக்கப்பட்டது. முன்பெல்லாம் வரும் மஞ்சள் பட்டையில் 'எனேபிள்' பட்டன் இருக்கும், இதில் அதுவும் இல்லை. சம்பளம் ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும். 'விண்டோஸ் 11 மேக்ரோவைக் கெடுத்துவிட்டது' என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஸ்டோர் அண்ணன்தான் வாயை அடைத்தார். "என் கம்ப்யூட்டர்லயும் அதே பதினொண்ணுதான்மா, வந்து பாரு" என்றார். அவரிடம் இருந்த பிரதியைத் திறந்து பட்டனைத் தட்டினால், சொன்னபடி ஓடியது! ஜனவரி சம்பளத்தை அங்கேயே போட்டு முடித்தேன். இரண்டிலும் ஒரே விண்டோஸ், ஒன்றில் ஓடுகிறது, மற்றதில் ஓடவில்லை. அப்படியானால் குற்றவாளி விண்டோஸ் இல்லை. அவருடைய பெட்டியில் மாறாதது, என்னுடையதில் மாறியது என்னென்ன என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்த பிறகுதான் வழி தெரிந்தது.

சிவப்புப் பட்டைக்குக் காரணம் நானேதான். ஃபைலை எனக்கு நானே மெயிலில் அனுப்பி இறக்கியிருந்தேன். இணையத்திலிருந்து வந்த ஃபைல் மேல் விண்டோஸ் ஒரு முத்திரை குத்தும். 2022 முதல் எக்செல் அந்த முத்திரை உள்ள மேக்ரோவைத் தானாகவே தடுக்கிறது. ஃபைலை மூடிவிட்டு, ரைட் கிளிக் செய்து, ப்ராபர்டீஸில் 'அன்பிளாக்' பெட்டியை டிக் செய்தால் போதும். எல்லா மேக்ரோவையும் அனுமதி என்ற செட்டிங்கை மாற்றச் சொல்லி யோசனை சொன்னவர்களும் உண்டு. சம்பளக் கணக்கு இருக்கிற கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது 64 பிட். ஆபிஸ் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையில் வரும். ஸ்டோரில் இருந்தது பழைய 32 பிட் ஆபிஸ், என்னுடையது புதிய மைக்ரோசாஃப்ட் 365, 64 பிட். மேக்ரோவின் பழைய கோடில், அதாவது நிரல் வரிகளில், 'டிக்ளேர்' என்று தொடங்கும் ஒரு வரி, சீட்டுக்குச் சீட்டு ஒரு வினாடி காத்திருப்பதற்காக விண்டோஸின் 'ஸ்லீப்' வசதியைக் கூப்பிடுகிறது. 64 பிட்டில் அந்த 'டிக்ளேர்' சொல்லுக்குப் பின்னால் 'பிடிஆர்சேஃப்' என்று சேர்க்க வேண்டும். ஆபிஸ் 2010 முதலே இந்தச் சொல் புரியும் என்பதால், திருத்திய ஃபைல் ஸ்டோரிலும் ஓடியது.

அப்புறம் வந்ததுதான் அரை நாளைத் தின்றது. 'ப்ராஜெக்டோ லைப்ரரியோ கிடைக்கவில்லை' என்ற பிழை. நீலத்தில் காட்டிய சொல் 'ஃபார்மேட்'. அது எக்செல்லோடு பிறந்தது, அது எப்படிக் காணாமல் போகும்? அந்த வரியை மாற்றி மாற்றி எழுதினேன், நகரவில்லை. எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை. டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸை, அதாவது மேக்ரோ நம்பியிருக்கும் வெளி வசதிகளின் பட்டியலைத் திறந்தால், ஒரு வரியின் முன்னால் 'மிஸ்ஸிங்' என்று நிற்கிறது. தேதி பொறுக்குவதற்கு வைத்திருந்த குட்டி நாட்காட்டி அது. 64 பிட் ஆபிஸில் அந்தக் கன்ட்ரோல் கிடையாது. ஒரு ரெஃபரன்ஸ் உடைந்தால் ஒன்றும் அறியாத சொற்கள் மேலெல்லாம் பழி விழும். டிக்கை எடுத்துவிட்டு, நாட்காட்டியை நீக்கி, தேதியைக் கையால் அடிக்கும் கட்டம் ஒன்று வைத்தேன்.

பிரிண்டர் சங்கதி சின்னது. கோடில் பிரிண்டர் பெயரோடு 'என்இ03' என்ற போர்ட் எண்ணும் எழுதியிருந்தது, புதுக் கணினியில் அந்த எண் வேறு. வரியையே எடுத்துவிட்டேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் கத்திக் கூப்பாடு போட்ட பிழைகள். சத்தமே போடாத ஒன்று மார்ச் மாதம் காத்திருந்தது. பிப்ரவரி சம்பளம் என் கணினியிலேயே ஓடியது, சீட்டுகள் அழகாக வந்தன, எனக்கோ ஒரே பெருமை. மறுநாள் ஒரு தம்பி சீட்டோடு வந்து நின்றார். "அக்கா, 9-ஆம் தேதி ஞாயித்துக்கிழமை வந்தேனே, அது ஏறலையே?"

பஞ்ச் பதிவைப் பார்த்தேன்: 09/02/2025, தெளிவாக இருக்கிறது. மேக்ரோ படித்ததோ செப்டம்பர் 2. புதுக் கணினியின் ரீஜன், அதாவது எந்த நாட்டு முறையில் தேதி எழுதுவது என்ற செட்டிங், அமெரிக்க முறையில் இருந்தது, மாதம் முதலில், நாள் பிறகு. 1 முதல் 12 வரையிலான நாள்களில் 2/2 மட்டும் எப்படிப் புரட்டினாலும் பிப்ரவரி 2 என்பதால் தப்பித்தது. மற்ற 11 நாள்களும் வேறு மாதங்களுக்கு ஓடிவிட்டன. 13-இலிருந்து எல்லாம் சரி, ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே என்று அதுவே திருப்பிப் படித்துக்கொள்கிறது. பாதி சரி, பாதி தப்பு, பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஸ்டோர் கணினி பழைய சிங்கப்பூர் முறையையே வைத்திருந்ததால்தான் ஜனவரிக் கணக்கு பிழைத்தது. ஓவர்டைம் பணத்துக்கு 14 நாள் கெடு. அதற்குள் நாற்பது பேருக்கும் திரும்பக் கூட்டி மீதியைக் கொடுத்தோம்.

ரீஜனை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அடுத்த கணினி வரும்போது மறுபடி இதே கதை. அதனால் தேதியை ஊகிக்க விடாமல், நாள், மாதம், வருடம் என்று நானே வெட்டி எடுத்து 'டேட்சீரியல்' வழியாகச் சேர்க்கும்படி எழுதினேன். அந்த மாதத்துக்கு வெளியே ஒரு வரி இருந்தாலும் மேக்ரோ நின்றுவிடும். கோடைத் திறந்த கையோடு பார்த்தால், மசே நிதி (மத்திய சேம நிதி) பிடிப்பதற்கான மாதச் சம்பள வரம்பு 6,000 வெள்ளி என்று நடுவில் எழுதிக் கிடக்கிறது. அது அப்போதே 7,400 ஆகியிருந்தது, 2026 ஜனவரியில் 8,000. அந்த வரம்பைத் தொடும் சம்பளம் எங்களில் யாருக்கும் இல்லாததால் தப்பித்தோம்! இப்போது அந்த எண் ஒரு தனி ஷீட்டில், கண்ணில் படும்படி இருக்கிறது.

நடுவில் ஒரு நாள், நாங்கள் எதையும் தொடாமலே, ஷீட்டில் இருந்த பட்டன்கள் செத்துப்போயின. அவை ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் பழைய நுட்பத்தில் செய்த பட்டன்கள். 2025 ஏப்ரல் முதல் மைக்ரோசாஃப்ட் 365-இல் ஆக்டிவ்எக்ஸ் முன்னிருப்பாகவே அணைந்திருக்கும். சாதாரண ஒரு வடிவத்தை வரைந்து அதற்கு மேக்ரோவை ஒட்டிவிட்டேன், ஐந்து நிமிட வேலை.

ஒரு வருடம் கழித்துச் சொல்வதானால், விண்டோஸ் 11 எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, மேக்ரோவும் முன்பைவிட நன்றாக ஓடுகிறது. ஸ்டோரின் பழைய ஆபிஸுக்கும் அதே அக்டோபர் 14-உடன் ஆதரவு நின்றதால், அங்கேயும் 64 பிட் வந்துவிட்டது. ஸ்டோர் அண்ணனின் சாமான் பதிவில் இருந்த குட்டி நாட்காட்டியும் அதோடு போயிற்று. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தக் காலண்டர் எப்பம்மா வரும்?" என்று கேட்கிறார். வராது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.