வைகை டேமா, சமணர் மலையா? ஞாயித்துக்கிழமை குழப்பம்

புள்ளைக லைட்ஹவுஸ் பாக்கணும்னு ஒரே அடம், மதுரைல கடலுக்கு எங்கய்யா போறது, அதான் தண்ணி இருக்க எடமா ரெண்டை யோசிச்சோம்.

வைகை டேம் 1959ல தெறந்தது, ஆண்டிபட்டி பக்கம், போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். பார்க் பெருசு, புள்ளைக ஓடியாட நல்ல எடம். தேக்குற அளவு 71 அடி, தண்ணி கொறைவா இருந்தா பாக்க சப்புன்னு இருக்கும், அதனால பேப்பர்ல நீர்மட்டம் பாத்துட்டு கெளம்புங்க.

கீழக்குயில்குடி சமணர் மலை நம்ம ஊரு ஓரத்துலயே இருக்கு. அடிவாரத்துல தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், படி ஏறுனா பேச்சிப்பள்ளம்ங்கற எடத்துல ஆயிரம் வருசத்துக்கு முந்துன தீர்த்தங்கரர் (சமண மதத்து குருமாருக) சிற்பங்க, அதுக்குக் கீழயே வட்டெழுத்து (பழைய காலத்து தமிழ் எழுத்து) கல்வெட்டு, இன்னும் மேல போனா பாறைல ஒரு தீபத்தூண் (இதுதான்டா நம்மூரு லைட்ஹவுஸ்னு சொல்லி சமாளிச்சேன், நம்பிட்டாய்ங்க). ஆனா வெயில் ஏறுனா பாறை கொதிக்கும், காலைல ஆறு மணிக்கே போயிறணும், தண்ணி பாட்டில் கட்டாயம்.

வயசானவுக கூட வந்தா டேம்தான். எனக்குன்னா மலை, எறங்கி வந்து குளத்தாங்கரைல உக்காந்து கொண்டுபோன இட்லிய பிரிச்சா, அடடா.