கடலியலா, கடல் உயிரியலா: எதைப் படித்தால் என்ன தெரியவரும்?

பி.எஸ்சி. கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "கடல் சம்பந்தமா மேல படிக்கணும். ஓசனோகிராஃபி எடுக்கவா, மரைன் பயாலஜி எடுக்கவா?" இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நினைத்துக் கேட்பவர்களே அதிகம். ஒன்றில்லை. பார்ப்பது ஒரே தண்ணீர்தான், ஆனால் கேட்கும் கேள்வி வேறு. குமரிப் பக்கம் கரையில் சாளை குவிந்து கிடக்கிறது. அது என்ன தின்று வளர்ந்தது, எப்போது முட்டையிடும் என்று கேட்டால் அது கடல் உயிரியல். இந்த மாதத்தில் இந்தக் கரைக்கு அதை வரவழைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அது கடலியல்.

முதலில் கடலியல். அதில் நுழைந்ததும் உடைவது, கடல் என்பது ஒரே தண்ணீர் என்ற எண்ணம். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆனால் வங்கக்கடலின் வடபகுதியில், கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரால் மேல்பரப்பில் உப்பு இதைவிடக் குறைவு. ஆவியாதல் அதிகமான அரபிக்கடலில் இதைவிடச் சற்று அதிகம். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். உப்புக் குறைந்த தண்ணீர் எடை குறைவானது, மேலேயே ஒரு மூடிபோல நின்றுவிடும். கீழே இருக்கும் குளிர்ந்த நீரோடு எளிதில் கலக்காது. அதனால் மேல்பரப்பின் சூடும் இறங்காது. அரபிக்கடலைவிட வங்கக்கடலில் புயல்கள் அதிகம் உருவாவதற்கு இதுவும் ஒரு காரணம். நாகப்பட்டினத்தில் கூரை பறப்பதற்கும் எங்கோ இமயத்தில் பெய்த மழைக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் பாடத்தில் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம் காற்று. 1890களில் நார்வே ஆய்வாளர் நான்சென் ஃபிராம் கப்பலில் ஆர்க்டிக் பனிக்கிடையே போனபோது, பனிப்பாளங்கள் காற்றடிக்கும் திசையில் போகாமல் வலப்பக்கம் விலகிப் போவதைக் கவனித்தார். ஏன் என்பதை ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் 1905இல் கணக்காக எழுதிக் காட்டினார். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் மேலடுக்கு நீர், மொத்தத்தில், காற்றுக்கு வலப்புறமாக நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையை ஒட்டி, தெற்கு நோக்கிக் காற்று வீசும்போது நீர் கரையை விட்டு விலகும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் ஏறி வரும். நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களான பிளாங்க்டன் பெருகும், பின்னாலேயே சாளை வரும். ஆர்க்டிக் பனியில் பார்த்த விலகலை வைத்துச் சாளை வரத்தைப் புரிந்துகொள்ளலாம். கடலியல் கற்றுத்தரும் பார்வை இதுதான்.

இதற்கு விலை கணிதம். நுண்கணிதம் பிடிக்காதவர்கள் முதல் பருவத்திலேயே திணறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கூடவே நிரல் எழுதவும் வேண்டும். உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் மிதக்கின்றன. 1,000 மீட்டர் ஆழத்தில் காத்திருந்து, 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வருகின்றன. அந்தத் தரவு எல்லோருக்கும் இலவசம். அதைத் திறந்து படிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கடலுக்கு வெளியேயும் வேலை கிடைக்கிறது.

கடலியல் என்றால் கணினி முன்னால் உட்காருவது மட்டுமா? இல்லை. நீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் விங்க்ளர் சோதனையைக் கப்பலில் செய்தவர்களுக்குத் தெரியும். ஆழத்திலிருந்து எடுத்த நீரை, ஒரு குமிழிகூட நுழையாமல் ரப்பர் குழாய் வழியாகக் கண்ணாடிக் குப்பியில் வழியவிட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டு கரைசல்களை ஒவ்வொரு மில்லி உள்ளே விட்டு, மூடியைப் போட்டுக் குலுக்க வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாக வீழ்படிவு இறங்கும். அரபிக்கடலில் சில நூறு மீட்டர் ஆழத்து நீரில் அது ஏறக்குறைய வெள்ளையாகவே நிற்கும், ஏனென்றால் அங்கே ஆக்ஸிஜன் அநேகமாக இல்லை. கப்பல் ஆடிக்கொண்டிருக்க, கையில் அந்த வெள்ளைக் குப்பியைப் பிடித்திருக்கும்போது மீன் மூச்சுவிட முடியாத ஓர் அடுக்கு காலுக்குக் கீழே இருக்கிறது என்பது உறைக்கும்.

சரி, கடல் உயிரியல். தமிழ்நாட்டில் இதைச் சொன்னதும் நினைவுக்கு வருவது பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. நீர் வற்றும்போது சேற்றில் முழங்கால் புதைய நடந்து, நண்டு வளையை எண்ணிக் கற்கும் படிப்பு இது. பிளாங்க்டன் வலையில் சிக்கியதை நுண்ணோக்கியில் வைத்தால் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலி ஒன்று முட்டைப்பையைச் சுமந்தபடி துள்ளும். ஓர் இனத்தை அடுத்த இனத்திலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு காலின் முள்ளாக இருக்கலாம். இந்தப் பொறுமையை வேறெந்தக் கடல் படிப்பும் இவ்வளவு தராது. இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவது எனக்குப் பெரிய கவலை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி என்ன வாழ்கிறது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

ஆனால் ஒரு குறை. 2016இல் அங்கே கடல்நீர் சூடாகிப் பவளம் வெளுத்ததை உயிரியல் மாணவர் நேரில் பார்த்து, எண்ணி, பதிவு செய்துவிடுவார். அந்தச் சூடு ஏன் அந்த வாரங்களில் அங்கேயே தேங்கியது என்று கேட்டால் தண்ணீரின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாகக் கடல் பொறியியலையும் சிலர் கேட்கிறார்கள். பொறியியல் படிப்பவர்களுக்கு அது நல்ல வழி, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் புதுச்சேரியைப் பார்த்துவிட்டுப் போகட்டும். கிழக்குக் கரையில் மணல் வருடக் கணக்கில் வடக்கு நோக்கியே அதிகம் நகர்கிறது. துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர் அதை மறித்ததும் வடக்கே இருந்த கடற்கரை கரைந்து கல்குவியலாகிப் போனது. மணல் நடக்கும் பாதையைக் கடலியல் படித்தவர் சொல்லாமல் சுவர் எழுப்பக் கூடாது.

என்னைக் கேட்டால், இயற்பியலோ கணிதமோ படித்தவர்கள் தயங்காமல் கடலியல் எடுங்கள். கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் முதுகலை இருக்கிறது. விலங்கியல் படித்து, உயிர்களின் மேல்தான் ஆசை என்றால் கடல் உயிரியல் எடுங்கள், ஆனால் நீரோட்டம் பற்றிய ஒரு பாடத்தையாவது விடாதீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மீனவர்களுக்கு அனுப்பும் மீன்வளப் பகுதி அறிவிப்பே செயற்கைக்கோள் தரும் நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் சேர்த்துத்தான் தயாராகிறது. மீன்வளத் துறை வேலைதான் குறி என்றால் இரண்டும் சுற்றுவழி, தூத்துக்குடியில் மீன்வள இளநிலைப் படிப்பான பி.எஃப்.எஸ்சி. நேர்வழி.

இன்னும் முடிவாகவில்லையா? வங்கக்கடலில் மிதக்கும் ஏதாவதொரு ஆர்கோ மிதவையின் தரவை இறக்கி, ஆழத்துக்கு எதிராக வெப்பத்தை வரைந்து பாருங்கள். ஓர் இடத்தில் கோடு சரேலென்று விழும். அடுத்த மாதத் தரவையும் எடுத்து அந்த இடம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கை பரபரத்தால் கடலியலுக்கு விண்ணப்பியுங்கள். கோட்டைப் பார்த்ததும், அங்கே என்னென்ன உயிர் இருக்கும் என்றுதான் மனசு போகிறதென்றால் பரங்கிப்பேட்டைக்கு பஸ் ஏறுங்கள்.