'ஆளுக்கு எஸ், பொருளுக்கு ஆஃப்': ஒரு விதியை நெடுநாள் கையாண்ட அனுபவம்

வேலூரில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்து வருகிறேன். செவிலியர் படிப்பை முடித்தவர்களும், இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளின் அலுவலகங்களில் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவர்களும் வருகிறார்கள். உடையவர் மனிதரோ விலங்கோ ஆனால் பெயரை அடுத்து அப்பாஸ்ட்ரஃபி (') குறியும் எஸ் எழுத்தும், உயிரற்ற பொருளானால் 'ஆஃப்' என்று பெரும்பாலான இலக்கணக் கையேடுகள் சொல்லும் விதியைப் பல ஆண்டுகளாக வகுப்பில் கையாண்டதில் கண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

தொடக்கநிலையில் இந்த விதி நன்றாகவே உழைக்கிறது. 'த பேஷன்ட்ஸ் பல்ஸ்', 'த பையர்ஸ் கமென்ட்ஸ்' ஆகியவை ஒரு பக்கமும், 'த திக்னஸ் ஆஃப் த லெதர்' மறுபக்கமும் தடையின்றி அமைந்துவிடுவதால், அன்றாடப் பணிக்குத் தேவையான பாதித் தொடர்களை முதல் வாரத்திலேயே மாணவர்கள் பிழையின்றி எழுதத் தொடங்குகிறார்கள்.

ஆனால் நம்மவர்களுக்கு வரும் முதல் சிக்கல் இந்த விதிக்கு வெளியே இருக்கிறது. தமிழில் 'ராமுவின் வீடு' என்று எழுதினாலும், பேசும்போது உருபு எதுவும் இல்லாமல் 'ராமு வீடு' என்றே சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் 'ராமு ஹவுஸ்' என்று எழுதுவது இயல்பாகவே நேர்கிறது. இதைப் பிழை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது, ஏனெனில் ஆங்கிலத்திலும் உருபில்லாத தொடர்கள் ஏராளம். இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனை அமைந்திருக்கும் சாலையின் பெயர் ஐடா ஸ்கடர் ரோடு. அதில் அப்பாஸ்ட்ரஃபி இல்லை. அந்த மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சிறு மருந்தகத்தைப் பற்றி எழுதும்போதோ 'ஐடா ஸ்கடர்ஸ் டிஸ்பென்சரி' என்று குறியிட்டே எழுத வேண்டும். சாலை அவருக்குச் சொந்தமானதன்று, அவர் பெயரைத் தாங்கியது. மருந்தகம் அவர் நடத்தியது. 'எந்தச் சாலை?' என்ற கேள்விக்குப் பெயர் விடையானால் குறி வேண்டாம், 'யாருடைய மருந்தகம்?' என்ற கேள்விக்கு விடையானால் குறி வேண்டும் என்று சொல்லும்போது, கையேட்டு விதியைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஷூ ஃபாக்டரி, வேலூர் ஃபோர்ட், ஜலகண்டேஸ்வரர் டெம்பிள் எல்லாம் இந்தக் கேள்வியிலேயே தெளிவாகிவிடுகின்றன.

இந்தக் கேள்வியும் ஓரிடத்தில் கைவிடும். காலணிப் பெட்டிகளின் மேல் வரும் 'விமன்ஸ் ஷூஸ்', மருத்துவமனையின் 'சில்ட்ரன்ஸ் வார்டு' ஆகியவை 'என்ன காலணி, என்ன வார்டு' என்ற கேள்விக்குத்தான் விடை. ஆயினும் குறி பெறுகின்றன. அந்தக் குறி எஸ்ஸுக்கு முன்னால் வர, 'லேடீஸ்' என்பதில் எஸ்ஸுக்குப் பின்னால் வருவதையும் சேர்த்துப் பார்த்தால் கற்பவர் மலைப்பது நியாயமே. பன்மைச் சொல் ஏற்கெனவே எஸ்ஸில் முடிந்திருந்தால் குறி மட்டும் போதும் என்பதைத் தனிப்பாடமாக நடத்துவதே நல்லது.

காலத்தைக் குறிக்கும் சொற்கள் ஆள், பொருள் என்ற பாகுபாட்டையே மீறுகின்றன. நேற்றைய செய்தித்தாளுக்கும் அடுத்த வாரக் கூட்டத்துக்கும் எஸ்தான். வேலையை விட்டு விலகும்போது எழுதும் 'ஒன் மந்த்ஸ் நோட்டீஸ்' என்பதில் குறி எஸ்ஸுக்கு முன்னால். இரண்டு மாதமானால் பின்னால். ஆண்டை எண்ணால் சொல்லும்போது மட்டும் 'த மியூட்டினி ஆஃப் 1806' (வேலூர்ச் சிப்பாய்க் கலகம்) என்று ஆஃப் திரும்பி வருகிறது. நிறுவனங்களும் ஊர்களும் இரண்டையும் ஏற்கும்.

வீட்டில் உருது பேசும் மாணவர்கள் இங்கே பலர். உருதுவில் 'உஸ்கா', 'உஸ்கீ' (இரண்டுமே 'அவனுடைய' என்றோ 'அவளுடைய' என்றோ பொருள்படும்) என்ற வேறுபாடு உடைமைப் பொருளின் பாலைப் பொறுத்தது. உடையவர் ஆணா பெண்ணா என்பதை அது காட்டுவதில்லை. ஆகவே 'ஹிஸ்', 'ஹெர்' ஆகியவற்றில் அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவைப்படுகிறது. தமிழ் பேசுபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்களைத் திருத்த வேண்டியது 'எங்க அம்மா' என்பதை 'அவர் மதர்' (our mother) என்று எழுதும் இடத்தில்தான். உடன்பிறந்தோர் சேர்ந்து சொன்னாலன்றி ஆங்கிலத்தில் 'மை மதர்' என்பதே வழக்கம்.

தனியாகப் படிப்பவர்கள் இந்த விதியைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம், ஆனால் வாய்ப்பயிற்சியோடு நிறுத்திவிடக் கூடாது. 'பிரதர்ஸ்' என்ற ஒலி சகோதரர்கள், சகோதரனுடைய, சகோதரர்களுடைய என்ற மூன்றுக்கும் ஒன்றே என்பதால், யாரையாவது முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லி எழுதிப் பார்த்தால்தான் குறி சரியான இடத்தில் விழுகிறதா என்பது தெரியும்.