ஒத்தி வீடு தெரியாத வாடகைக் கால்குலேட்டர்

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் எங்கே குடியிருக்க எவ்வளவு ஆகும் என்று ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். மதுரையிலிருந்து கிளம்பியே ஆக வேண்டும்; சென்னை பெருங்குடியா, பெங்களூரு ஒயிட்ஃபீல்டா, நீயே முடிவு செய் என்றது அலுவலகம். தளத்துக்கு என் மதிப்பெண் 5க்கு 2.

அந்த 2, வாடகை நிலவரத்துக்காக. இரண்டு படுக்கையறை வீடு சென்னையில் 18,000, பெங்களூருவில் 30,000 என்று காட்டியது. சென்னை மேடவாக்கத்திலும் பெங்களூரு மாரத்தஹள்ளியிலும் விசாரித்தபோது ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். பால், காய்கறி விலைகளும் பரவாயில்லை.

தகராறு முதல் கட்டத்திலேயே ஆரம்பித்தது. 'தற்போதைய மாத வாடகை' என்று கேட்கிறது. நாங்கள் இருந்தது ஒத்தி வீடு. 5 லட்சம் கொடுத்துக் குடியேறினோம், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பி வரும். 0 என்று போட்டால் சிவப்பு எழுத்தில் 'சரியான தொகையை உள்ளிடவும்' என்கிறது. சரி என்று அந்தத் தெருவில் ஓடுகிற வாடகையான 10,000-ஐப் போட்டேன். உடனே 'சென்னையில் உங்கள் வாடகைச் செலவு 80 சதவீதம் கூடும்' என்று தீர்ப்பு. கையில் வரப்போகும் 5 லட்சத்தைச் சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை.

அட்வான்ஸுக்கும் கட்டம் இல்லை. வீடு மாறுகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே? தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. மேடவாக்கம் ஓனர் ஆறு மாதம் கேட்டார். சட்டத்தைச் சொன்னதும், "அப்போ அந்தச் சட்டத்துலயே வீடு பாத்துக்கம்மா" என்று சிரித்தார். மாரத்தஹள்ளியில் ஐந்து மாதம், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வார்களாம். அட்வான்ஸ், முதல் மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாதம் எல்லாம் சேர்த்தால் சென்னைக்கு 1,44,000, பெங்களூருவுக்கு 2,10,000. தளம் மாதத்துக்கு 12,000 வித்தியாசம் என்று சொல்லி முடித்துக்கொண்டது. சாமான் ஏற்றும் லாரிக்கு முன்னால் நிற்கும்போது வேண்டியது இந்த 66,000 கணக்கு.

கரண்ட் விஷயத்திலும் மேலோட்டம்தான். இங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். கர்நாடகாவில் 2023-லிருந்து கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம், வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம். ஆனால் மேடவாக்கம் வீட்டில் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றார். அரசு கொடுக்கிற இலவசம் மாடிப்படி ஏறி நம்மிடம் வராது. பஸ் விஷயத்திலும் தளம் மேலோட்டம்தான். இரண்டு மாநிலத்திலும் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் பயணம் இலவசம்; கர்நாடகாவில் அந்த மாநில முகவரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். தளமோ எனக்கு இரண்டு ஊரிலும் மாதப் போக்குவரத்துச் செலவு போட்டுக் கொடுத்தது. போட்டதையாவது சரியாகப் போட்டதா? பெங்களூரு மெட்ரோவின் உச்சக் கட்டணம் 2025 பிப்ரவரியிலேயே 60-லிருந்து 90 ரூபாய் ஆகிவிட்டது, தளத்தில் இன்னும் பழைய விலை.

'நகர மையம்', 'மையத்துக்கு வெளியே' என்று வாடகையை இரண்டாகப் பிரிப்பதும் விளங்கவில்லை. சென்னைக்கு மையம் பாரிமுனையா, தி.நகரா? பெருங்குடியில் வேலை பார்ப்பவளுக்கு இரண்டுமே தூரம். ஆபீஸ் இருக்கும் இடத்தைக் கேட்டு, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வருகிற பகுதிகளின் வாடகையைக் காட்டினால் அர்த்தம் உண்டு. "கறி சமைப்பீங்களா?" என்று கேட்கிற ஓனர்களைக் கழித்துவிட்டு மீதி எத்தனை வீடு தேறும் என்று காட்டினால் இன்னும் புண்ணியமாகப் போகும்.

நாங்கள் சென்னையைத்தான் எடுத்தோம். ஒத்திப் பணத்தில் அட்வான்ஸ் போக மீதியை வங்கியில் போட்டாயிற்று.

பார்க்க நினைப்பவர்கள் கம்ப்யூட்டரில் திறங்கள். செல்போனில் மொத்தச் செலவு வருகிற வரியின் மேலேயே விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.