ஒரே சோலோ, இரண்டு பதிவுகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் ‘கம்ஃபர்டபிளி நம்ப்’ பாட்டை 1979-இல் வந்த ‘தி வால்’ ஆல்பத்தில்தான் முதலில் கேட்டேன். அதன் கடைசி சோலோ, அதாவது கிடாரின் தனி வாசிப்பு, குழுவின் கிடார் கலைஞர் டேவிட் கில்மர் பலமுறை வாசித்து, நல்ல துண்டுகளாகப் பார்த்து ஒட்டியது. ஒரு பிசிறு கிடையாது. ஆனால் சூடு பிடிக்கும் நேரத்தில் ஒலி தேய்ந்து முடிந்துவிடும். பாயசம் வருமுன் இலையை எடுத்த மாதிரி!

அப்புறம் 1995-இல் வெளியான ‘பல்ஸ்’ என்ற அவர்களின் மேடைக் கச்சேரி ஆல்பம் கிடைத்தது. அட்டையின் விளிம்பில் சிவப்பு விளக்கு மினுக்கும் சிடி. முந்தைய ஆண்டு லண்டன் எர்ல்ஸ் கோர்ட் மேடையில் வாசித்தது. ஆறரை நிமிடம்கூட இல்லாத பாட்டு இங்கே ஒன்பதைத் தாண்டுகிறது. கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி கடைசி சோலோவுக்கே. கில்மர் அவசரப்படுவதில்லை. கம்பியை இழுத்து, சுரத்தை உச்சியில் நிறுத்தி, அதை நடுங்கவிட்டு மெதுவாக இறக்குகிறார். அடுத்த சுற்றில் இன்னும் மேலே போகிறார்.

ஸ்டுடியோ பதிவில் கில்மருடன் பாடிய ரோஜர் வாட்டர்ஸின் குரல் இதில் இல்லை. அது குறைதான். வரிகளுக்காகக் கேட்பதானால் ஸ்டுடியோ பதிவு. கிடாருக்கு என்றால், ‘பல்ஸ்’ கேட்டபின் பழையதற்கு நான் அதிகம் திரும்பவில்லை.